வாய் திறந்தே இருக்கும் பிள்ளை: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் உங்களிடம் ஓர் உதவி கேட்டு இதை எழுதுகிறேன். சளி, காய்ச்சல் இல்லாத நாளிலும் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒருவனோ ஒருத்தியோ உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். "வாயில ஈ போறதுகூடத் தெரியாம உட்கார்ந்திருக்கான் பாரு" என்று நாம் சொல்லிக் கடந்துவிடும் பிள்ளை. மந்தம் என்றோ கவனமில்லை என்றோ முடிவுகட்டும் முன், அந்தப் பிள்ளையின் மூக்கு வழியே காற்று போகிறதா என்று பாருங்கள். நான் கேட்கும் உதவி இதுதான்.

நான் மருத்துவர் இல்லை. பள்ளி மருத்துவ முகாம்களில் பதிவு மேசையில் உட்கார்ந்து பெயர், வகுப்பு, எடை, உயரம் எழுதிக் கொடுக்கும் தன்னார்வலர். வரிசையில் நிற்கும் பிள்ளைகளை மருத்துவருக்கு முன்னால் நான்தான் நெருக்கத்தில் பார்ப்பேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி முகாமில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவோடு வந்தான். மேலுதடு கீழுதட்டைத் தொடவில்லை. முன்பற்கள் இரண்டும் காய்ந்து மங்கிக் கிடந்தன. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாதவர்களுக்கு வருவது போன்ற கருமை. நின்றுகொண்டிருந்த நேரத்துக்குள் பலமுறை உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்தான். அப்படித் தேய்த்துத் தேய்த்தே மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. ராத்திரி எப்படித் தூங்குவான் என்று மருத்துவர் கேட்டார். "அவனுக்கென்ன டாக்டரம்மா, படுத்ததும் குறட்டைதான். அவங்க அப்பா மாதிரியே நல்லாத் தூங்குவான்" என்றார் அம்மா, சிரித்துக்கொண்டே. "குறட்டை நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமாம்மா?" அந்த அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. "ஆமா டாக்டர். சில நேரம் பயந்துபோய் நானே தட்டிவிடுவேன்" என்றார். பள்ளியிலிருந்து வந்திருந்த சீட்டில் அவன் பெயருக்கு எதிரே "கவனக் குறைவு" என்று எழுதியிருந்தது. எழுதிய ஆசிரியை அக்கறையோடுதான் எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு மூக்கு இருக்கக்கூடும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மூக்கு செய்யும் வேலைகளைக் கொஞ்சம் சொல்லிவிட்டு வகுப்பறைக்கு வருகிறேன். வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். வெளியே மார்கழிப் பனியோ சித்திரை வெயிலோ, அந்தக் காற்று நுரையீரலின் ஆழத்துக்குப் போகும்போது உடம்புச் சூட்டில், ஈரம் நிறைந்ததாக இருக்க வேண்டும். அதற்கான பெரும்பகுதி வேலையை மூக்குதான் முடிக்கிறது. மூக்கின் இரண்டு பக்கமும் சுருள் சுருளாக மும்மூன்று மடிப்புகள் உண்டு. அவற்றின் மேல் ரத்த நாளங்கள் அடர்ந்த சவ்வு போர்த்தியிருக்கிறது. அந்த மடிப்புகளில் உரசிக்கொண்டு போகும் காற்று சூடாகி, ஈரமாகி, தூசியைச் சளியில் விட்டுவிட்டு உள்ளே போகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அந்தச் சளியை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வாயில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. வாய் உண்பதற்கும் பேசுவதற்குமான வழி; மூச்சுக்கு அது மாற்றுப் பாதை மட்டுமே.

இன்னொரு வேலையைப் பற்றி நம் தலைமுறையில்தான் தெரிய வந்தது. ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தின் யோன் லுண்ட்பெரி, எட்டி வைட்ஸ்பெரி ஆகியோரின் குழு, மூக்கைச் சுற்றியிருக்கும் எலும்புக் குழிகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ஏராளமாக உருவாகிறது என்று 1995-இல் கண்டறிந்தது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கும் வாயு அது. உடம்பில் அது செய்யும் வேலையைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மூக்கால் இழுக்கும் ஒவ்வொரு மூச்சோடும் இந்த வாயு கொஞ்சம் நுரையீரலுக்குப் போய், காற்று வந்து சேரும் இடங்களில் ரத்த ஓட்டத்தைக் கூட்டி, ஆக்சிஜன் ரத்தத்தில் ஏற உதவுகிறது. கிருமிகளை அடக்கும் குணமும் அதற்கு உண்டு. வாயால் மூச்சு விடுபவருக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. 2002-இல் இதே விஞ்ஞானிகள் இன்னொன்றையும் அளந்து காட்டினார்கள். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று ரீங்கரிக்கும்போது, மூக்கிலிருந்து வெளிவரும் இந்த வாயுவின் அளவு சாதாரணமாக மூச்சு விடும்போது இருப்பதைப் போல் 15 மடங்கு ஆகிறது.

இந்த "ம்ம்ம்" தான் உங்களுக்கு உதவப் போகிறது. உங்கள் வகுப்பில் எந்தக் கருவியும் இல்லாமல் செய்து பார்க்கக்கூடிய சோதனை அதில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ரீங்கரிக்கும்போது காற்று வெளியேற மூக்கைத் தவிர வழி இல்லை. நீங்களே ரீங்கரித்துக்கொண்டு மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி அங்கேயே நின்றுவிடும். ஆகவே காலையில் வகுப்பு முழுவதையும் ஒரு பாட்டின் மெட்டை வாயை மூடி முனகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே இருக்கும். மூக்கு நன்றாக அடைத்திருக்கும் பிள்ளையால் தொடர முடியாது. நாலு நொடிக்குள் வாய் திறந்துவிடும்.

தமிழ்ப் பாடவேளை இதைவிட நல்ல சோதனை. வல்லினம் நெஞ்சிலும் மெல்லினம் மூக்கிலும் பிறக்கின்றன என்று நன்னூல் சொல்வதை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். மூக்கின் பின்பகுதி அடைத்துப்போன பிள்ளைக்கு அந்த மெல்லினம் பிறக்க இடமில்லாமல் போகிறது. "மாமா மரம் நட்டார்", "நாலு மாம்பழம்" என்று சொல்லச் சொல்லுங்கள். மகரம் பகரத்தின் பக்கம் சாயும். நகரம் தகரத்தின் பக்கம் சாயும். "மாமா" என்பது "பாபா" மாதிரி, "நாலு" என்பது அழுத்தமில்லாத "தாலு" மாதிரி கேட்கும். ஜலதோஷம் பிடித்தவர் பேசுவதைப் போல இருக்கும், ஆனால் ஜலதோஷம் இருக்காது. ஊரில் இதையும் "மூக்கால பேசுறான்" என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் மூக்கால் பேசுவது என்பது இதற்கு நேர்மாறானது. அங்கே எல்லா எழுத்திலும் காற்று மூக்கு வழியே கசியும். அண்ணத்தில் பிளவோ பலவீனமோ இருந்தால் அப்படி வரும். அந்தப் பிள்ளையையும் மருத்துவர் பார்க்க வேண்டும், ஆனால் காரணம் வேறு.

இன்னும் ஒன்று: சத்துணவுத் தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவித் துடைத்து, பிள்ளையின் மூக்குக்குக் கீழே படுக்கைவாட்டில் பிடியுங்கள். வாயை மூடி மூச்சு விட்டால் இரண்டு துளைக்கும் இரண்டு ஆவித் திட்டு படியும். காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் குளிர்ந்த உலோகத் தகட்டை வைத்து இப்படித்தான் பார்க்கிறார்கள். ஒரு திட்டு பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் பயப்பட வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு துளை சற்று வீங்க, மற்றது திறந்துகொள்வது எல்லோருக்கும் நடப்பது. ஜெர்மனியில் கைசர் என்ற மருத்துவர் 1895-இல் இதை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னார். இடகலை, பிங்கலை என்று மூச்சு பக்கம் மாறுவதைத் திருமூலரும் சித்தர்களும் அதற்கு வெகுகாலம் முன்பே பேசியிருக்கிறார்கள். எப்போது பார்த்தாலும் ஒரே பக்கம் மட்டும் அடைத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அப்படி ஒரே பக்கம் அடைத்து, அந்தப் பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், மூக்குக்குள் ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை, பாசி மணி, பலப்பத் துண்டு, ரப்பர் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் மூக்குக்குள் போட்டுக்கொள்வார்கள். திட்டுக்குப் பயந்து சொல்லவும் மாட்டார்கள். நீங்களே ஹேர்பின் வைத்து எடுக்கப் போகாதீர்கள்; அது இன்னும் உள்ளே போகும். பொம்மையிலும் கைக்கடிகாரத்திலும் இருக்கும் பொத்தான் பேட்டரி மூக்குக்குள் போயிருந்தால் அது அவசரம். சில மணி நேரத்திலேயே உள் சவ்வைப் புண்ணாக்கிவிடும், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையே விழலாம். பள்ளி விடும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

ஆனால் உங்கள் வகுப்பு வயதில் இரண்டு பக்கமும் அடைப்பதற்கு அதிகம் காரணமாவது அடினாய்டு. மூக்கும் தொண்டையும் சந்திக்கும் இடத்தில், அண்ணத்துக்கு மேலே, வாயைத் திறந்தாலும் கண்ணுக்குத் தெரியாதபடி இருக்கும் சதை. கிருமிகளோடு போராடப் பழகும் திசு அது. எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை பெரிதாக இருந்து, பதின்ம வயதில் சுருங்கிவிடும். சிலருக்கு அளவுக்கு மீறிப் பெருத்து வழியை அடைத்துக்கொள்கிறது. கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற மருத்துவரிடம் காது மந்தம் என்று 20 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுடைய பேச்சு உயிரில்லாமல் இருந்தது. அவர் அண்ணத்துக்குப் பின்னால் விரலைவிட்டுத் தடவிப் பார்த்தபோது மெத்தென்ற சதை தட்டுப்பட்டது. 1868-இல் அவர் அதை எழுதிய பிறகுதான் உலகம் அடினாய்டை அறிந்தது. அவளை மருத்துவரிடம் கொண்டுவந்தது மூச்சுத் தொல்லை அல்ல, காது என்பதைக் கவனியுங்கள்.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. அடினாய்டு அதன் வாயிலில்தான் உட்கார்ந்திருக்கிறது. குழாய் அடைபட்டால் நடுக்காதில் பிசின் போன்ற நீர் தேங்கும். வலி இருக்காது, சீழ் வராது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு உலகம் கொஞ்சம் சத்தம் குறைந்து கேட்கும், அவ்வளவுதான். நீங்கள் பக்கத்தில் நின்று கூப்பிட்டால் திரும்புவான். கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் பாதி வார்த்தை போய்விடும். சொல்வதை எழுதுதலில் "பழம்" "படம்" ஆகும். வீட்டில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போகும். வாய் திறந்த பிள்ளை கடைசி வரிசையில் இருந்தால், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, நாளைக்கே, முன் வரிசைக்கு மாற்றிவிடுங்கள். செலவில்லாத சிகிச்சை அது.

தூக்கத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் சரியாகத் தூங்காவிட்டால் பகலில் தூங்கி வழிவார்கள். பிள்ளைகள் பலர் அப்படி இல்லை. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடிய பிள்ளை பகலில் உட்கார்ந்த இடத்தில் உட்காராமல், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டிக்கொண்டு, அற்பத்துக்கு அழுதுகொண்டு இருப்பான். "சேட்டை" என்ற பெயர் வந்துவிடும். அமெரிக்காவில் டேவிட் கோசல் என்ற மருத்துவர் 1998-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒன்றாம் வகுப்பில் மதிப்பெண்ணில் கடைசி பத்து சதவீதத்தில் இருந்த 297 பிள்ளைகளைத் தூக்கத்தில் சோதித்துப் பார்த்தார். 54 பேருக்கு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கும் மேல், தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. அவர்களில் டான்சிலும் அடினாய்டும் எடுக்கப்பட்ட 24 பேருக்கு அடுத்த வகுப்பில் மதிப்பெண் உயர்ந்தது. சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளாத வீட்டுப் பிள்ளைகளுக்கு உயரவில்லை.

இதைப் படித்துவிட்டு, எல்லாப் பிள்ளைக்கும் அறுவை சிகிச்சை செய்தால் முதல் ரேங்க் வந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2013-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 5 முதல் 9 வயதுவரையிலான 464 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை செய்தார்கள், மறுபாதியைப் பொறுத்துப் பார்த்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தூக்கமும் நடத்தையும் அன்றாட நலமும் நன்றாக மேம்பட்டன. கவனத்தை அளக்கும் தேர்வுகளில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. பொறுத்துப் பார்க்கப்பட்டவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கச் சோதனை தானாகவே சரியானது. ஆகவே எது தேவை என்று மருத்துவர் சொல்லட்டும். பலருக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே சில வாரம் போதும், சிலருக்கு அலர்ஜி மாத்திரை, சிலருக்குக் காத்திருப்பு, சிலருக்குத்தான் அறுவை. நம் வேலை மருத்துவர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது.

முகமும் மாறுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எகில் ஹார்வோல்ட் என்ற ஆய்வாளர் வளரும் குரங்குகளின் மூக்கை அடைத்து வளர்த்தபோது அவற்றின் தாடையும் பல் வரிசையும் கோணியதை 1981-இல் எழுதினார். படிக்க மனம் வலிக்கும் சோதனைதான். பிள்ளைகளிடமும் நீண்ட முகம், குறுகிய மேல் அண்ணம், தூக்கிய முன்பல் என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். எச்சில் காய்ந்த வாயில் ஈறு வீங்கும், பல் சொத்தையாகும், வாய் நாறும். அந்த நாற்றத்துக்காகப் பக்கத்துப் பிள்ளைகள் தள்ளி உட்காருவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனி பெற்றோரிடம் நீங்கள் பேச வேண்டிய சில செய்திகள். நான் சொல்வதைவிட டீச்சர் சொன்னால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் அம்மாக்கள் கேட்பார்கள். பிள்ளை படுக்கும் அறையில் ராத்திரி முழுக்கக் கொசுவர்த்திச் சுருள் எரியவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு சுருள் விடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்கு நிகர் என்று 2003-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கொசுவலை போதும். தலையணை உறையும் போர்வையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி வெயிலில் காயட்டும். கைக்குழந்தை இருக்கும் வீடானால் இன்னும் அழுத்திச் சொல்லுங்கள்: குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் ஆபத்தானது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவைக் கொண்டுவருகிறது. நம் ஊர்க் குழந்தை மருத்துவர்கள் இதைப் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். இரண்டு வயதுக்குள் கற்பூரத் தைலமும் வேண்டாம். மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகும். வெறும் உப்புநீர்ச் சொட்டு அப்படிச் செய்யாது.

தூங்கும்போது வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வது இப்போது கைபேசி வீடியோக்களில் வேகமாகப் பரவுகிறது. தயவுசெய்து எந்தப் பிள்ளைக்கும் இதைச் செய்யவிடாதீர்கள். மூக்கு அடைத்திருப்பதால்தான் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கிறது. மிச்சமிருக்கும் வழியையும் ஒட்டி மூடினால் மூச்சுக்கு எங்கே போகும்? பெரியவர்களுக்கே இது பயன் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. அதேபோல, விளையாட்டுப் பாடவேளையில் ஓடிவிட்டு வாயால் மூச்சு வாங்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். கடுமையாக ஓடினால் யாருக்கும் மூக்கு மட்டும் போதாது. நான் பேசுவதெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் விடும் மூச்சைப் பற்றித்தான்.

யாரிடம் அனுப்புவது? ஆண்டுக்கு ஒரு முறை ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு உங்கள் அரசுப் பள்ளிக்கு வருகிறது. எடையும் பல்லும் கண்ணும் பார்க்கும் அவசரத்தில் வாய் திறந்த பிள்ளை தப்பிவிடலாம். குழு வரும் நாளுக்கு முன்பே ஒரு தாளில் பெயர்களை எழுதி வைத்திருங்கள். "கவனக் குறைவு" என்று எழுதாதீர்கள். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுங்கள்: "சளி இல்லாத நாளிலும் வாய் திறந்தே இருக்கிறது. மகரம் சரியாக வரவில்லை. வாயை மூடி ரீங்கரிக்க முடியவில்லை. இரவில் குறட்டை உண்டு என்கிறார் அம்மா." இந்த நாலு வரி கையில் இருந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருப்பவர் எங்கே பார்க்க வேண்டும் என்று உடனே புரிந்துகொள்வார். குழு வர இன்னும் பல மாதம் இருக்கிறது என்றால் அதே தாளை அம்மாவின் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி வகுப்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அப்போது யாரையும் கணக்கில் எடுக்காதீர்கள். மழை விட்டு, மற்ற பிள்ளைகளுக்குச் சளி ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்தும் வாய் மூடாத பிள்ளையைக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர், "பரீட்சை முடியட்டும் டீச்சர், மே மாச லீவுல பார்த்துக்கறோம்" என்பார்கள். அலர்ஜிக்கும் லேசான அடைப்புக்கும் அது பெரிய கெடுதல் இல்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிள்ளையையும், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையையும் மட்டும் லீவு வரைக்கும் தள்ளிப்போட ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே போகச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கூலி வேலைக்குப் போகிற அம்மா, ஒரு நாள் லீவு போட அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருப்பார்.

இப்படிக்கு,
முகாமின் பதிவு மேசையிலிருந்து,
உங்கள் அன்புள்ள தன்னார்வலர்